மோரீசுக்குப் போனவர்

எங்கள் வீட்டில் மஹாளய அமாவாசைக்கு ஓர் இலை கூடுதலாகப் போடுவார்கள். தாத்தாவுக்கு, கொள்ளுப்பாட்டிக்கு, சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்த சித்தப்பாவுக்கு என்று பெயர் சொல்லிப் படைத்துவிட்டு, கடைசியில் சுவரோரமாக ஓர் இலை. "அது மோரீசுக்குப் போனவருக்கு" என்பார் பாட்டி. பெயரைச் சொல்ல மாட்டார். அவருக்கே தெரியாது. என் தாத்தாவின் பெரியப்பா அவர். தாது வருஷப் பஞ்சத்தில் விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து நடந்தே சென்னைக்குப் போய்க் கப்பலேறியவர். திரும்பி வரவில்லை. கடிதமும் வரவில்லை. இறந்த திதி தெரியாததால் அமாவாசையில் ஓர் இலை.

போன வருஷம் மே மாதக் கடைசியில் மகளும் மாப்பிள்ளையும் எங்களைப் பாட்டியின் அந்த மோரீசுக்கு, அதாவது மொரீஷியசுக்கு, அழைத்துப் போனார்கள். மூன்றாம் நாள், ஒரு சனிக்கிழமை, மாப்பிள்ளை ஒரு சின்ன வாடகைக் காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். "மாமா, இன்னிக்கு நீங்க எங்க சொல்றீங்களோ அங்கதான்" என்றார். அவர், மகள், என் மனைவி, ஒன்பது வயதுப் பேத்தி, நான் என்று ஐந்து பேர். தீவு சுமார் 65 கிலோமீட்டர் நீளம், 45 கிலோமீட்டர் அகலம். எங்கள் மாவட்டத்தில் பாதிதான் இருக்கும். விடியலில் கிளம்பினால் இருட்டுவதற்குள் முக்கால்வாசி பார்த்துவிடலாம்.

நெடுஞ்சாலைத் துறையில் 31 ஆண்டுகள் சாலை ஆய்வாளராக இருந்தவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கண் போவது சாலைக்கும் சாலையோரத்துக்கும்தான். அந்தப் பழக்கம்தான் அன்று எனக்கு அந்தத் தீவின் வரலாற்றைக் காட்டியது.

மேற்குக் கரையில் ஃப்ளிக் அன் ஃப்ளாக் என்ற ஊரில் தங்கியிருந்தோம். அங்கிருந்து தலைநகர் போர்ட் லூயிசுக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் கரும்பு. வெட்டு ஜூன் மாதத்தில்தான் தொடங்கும் என்பதால் பயிர் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. அந்தப் பச்சைக்கு நடுவே கருங்கல் குவியல்கள். ஒன்று இரண்டல்ல, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. சில குவியல்கள் படி வைத்து அடுக்கிய மேடை போல, சில மதில் போல.

"தாத்தா, இதெல்லாம் யாரு கட்டுன கோட்டை?" என்று பேத்தி கேட்டாள்.

காரை ஓரங்கட்டச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். சுண்ணாம்பு இல்லை, சிமெண்ட் இல்லை. கல்லுக்குக் கல் கடித்து நிற்கும்படி அடுக்கிய உலர்கட்டு. பெரிய கல் வெளிப்பக்கம், சிறு கல் நடுவில். வேலை தெரிந்த கை அடுக்கியது. மொரீஷியஸ் எரிமலை கக்கி உண்டான தீவு. மண்ணைவிடக் கல் அதிகம். கரும்பு நட வேண்டுமானால் முதலில் கல்லைப் பொறுக்க வேண்டும். பொறுக்கிய கல்லைத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோக வழியில்லாத இடங்களில் வயலுக்குள்ளேயே அடுக்கி வைத்தார்கள். முதலில் அடிமைகள், பிறகு ஒப்பந்தக் கூலிகள். பேத்தியிடம் சொன்னேன்: "இது கோட்டை இல்லம்மா. காட்டைக் கழனியாக்குனவங்க பொறுக்கிப் போட்ட கல்லு."

அந்தக் கரும்பு அங்கே வந்த கதை நீளமானது. 1598இல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கி, தங்கள் இளவரசர் மோரிஸின் பெயரைத் தீவுக்கு வைத்தார்கள். ஜாவாவிலிருந்து 1639இல் கரும்பைக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. அவர்கள் காலத்தில் டோடோ பறவை அழிந்தது. 1710இல் தீவைக் கைவிட்டுப் போனார்கள். 1715இல் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1810இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். அந்தப் படையில் நம் சென்னை மாகாணச் சிப்பாய்களும் இருந்தார்கள். 1825இல் லண்டன் அரசு மொரீஷியஸ் சர்க்கரைக்கு மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரைக்குச் சமமான வரியை நிர்ணயித்தது. அந்த ஓர் உத்தரவில் தீவு முழுக்கக் கரும்பாயிற்று.

சாலையின் கதையும் இதோடு சேர்ந்தது. நாங்கள் போன வழிகள் தார் கண்டது பிற்காலத்தில். அந்தத் தீவின் பழைய சாலைகளுக்குக் கல் உடைத்தவர்களில் இந்தியக் கைதிகள் உண்டு என்பது எனக்கு நெடுநாள் தெரியாது. 1815 தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து சுமார் 1,500 கைதிகளை ஆங்கிலேயர் அங்கே நாடு கடத்தினார்கள். சாலை போடுவதும் பாலம் கட்டுவதுமே அவர்களுக்குத் தண்டனை. 1836இல் பீகிள் கப்பலில் அங்கே வந்திறங்கிய சார்லஸ் டார்வின், பொதுப்பணிகளில் உழைத்த இந்தியக் கைதிகளைப் பார்த்து அவர்களின் தோற்றத்தை மதிப்போடு எழுதியிருக்கிறார். சாலைப் பணியில் காலம் கழித்த எனக்கு அந்தத் தகவல் தைத்தது. ஒரு சாலையைத் திறந்து வைத்தவரின் பெயர் கல்லில் இருக்கும். ஜல்லி உடைத்தவர் பெயர் எங்கும் இருக்காது.

போர்ட் லூயிசை நெருங்கும்போது ஒரு பெயர்ப் பலகை: கோரமண்டல். மகள் சத்தமாகப் படித்தாள். நம் சோழமண்டலக் கரையை ஐரோப்பியர் அப்படித்தான் உச்சரித்தார்கள். நகரத்தை ஒட்டியே திராங்கபார் என்று ஒரு பகுதி இருக்கிறது. அது நம் தரங்கம்பாடி. இந்தப் பெயர்களைக் கேட்டால், தமிழர்கள் அங்கே கூலிகளாக மட்டும்தான் போனார்கள் என்று நாம் படித்தது எவ்வளவு குறைந்த பாடம் என்று புரியும். பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தோனே 1735இல் வந்து போர்ட் லூயிஸ் துறைமுகத்தை எழுப்பியபோது, புதுச்சேரியிலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் கப்பலில் வரவழைத்தார். அவர்கள் குடியிருந்த பகுதிக்கு 'மலபார்கள் முகாம்' என்று பெயர். அந்தக் கால ஐரோப்பியருக்குத் தமிழர் என்றால் மலபார்கள். அதே லா பூர்தோனேதான் 1746இல் அந்தத் தீவிலிருந்து கப்பற்படையோடு வந்து சென்னையை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தவர். அவருடைய சிலை இன்றும் போர்ட் லூயிஸ் கடற்கரையைப் பார்த்து நிற்கிறது. சுவர் எழுப்பிய நம் கொத்தர்களுக்கு அந்தப் பகுதியின் பழைய பெயர்தான் சிலை.

காரை நிறுத்திவிட்டு, ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய 'ஆப்ரவாசி காட்' என்ற துறைக்கு நடந்தோம். கப்பல் துறையில் பழைய கருங்கல் கட்டடங்கள், ஒரு வாயில், பதினாறு படிகள். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதினாறு படிகளில் ஏறித்தான் ஒரு நாட்டின் பெரும்பான்மை மக்களுடைய முன்னோர் உள்ளே வந்தார்கள். 2006இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

1835 பிப்ரவரி 1ஆம் தேதி மொரீஷியசில் அடிமை முறை ஒழிந்தது. அடிமைகளை இழந்த தோட்ட முதலாளிகளுக்குப் பிரிட்டன் ஏறத்தாழ 20 லட்சம் பவுண்டு ஈட்டுத் தொகை கொடுத்தது. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. விடுதலையானவர்கள் தோட்டத்துப் பக்கம் திரும்ப விரும்பவில்லை. அப்படி ஆகும் என்று கணக்குப் போட்ட முதலாளிகள் அதற்கு முன்பே இந்தியாவின் பக்கம் திரும்பிவிட்டார்கள். 1834 நவம்பர் 2ஆம் தேதி அட்லஸ் என்ற கப்பலில் கல்கத்தாவிலிருந்து 36 பேர் வந்து இறங்கினார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம். மாதக் கூலி ஐந்து ரூபாய், அரிசி, பருப்பு. அந்த ஏற்பாட்டை ஆங்கில அரசு 'மகத்தான பரிசோதனை' என்றது. பரிசோதனை பலித்ததால் அதையே மற்றக் குடியேற்ற நாடுகளுக்கும் விரித்தார்கள். டிரினிடாட், கயானா, நேட்டால், பிஜி என்று போன கப்பல்களுக்கெல்லாம் வழி இந்தத் துறையில்தான் திறந்தது. 1849இல் இங்கே குடியேற்றக் கிடங்கு எழுந்தது. முறை முடிவதற்குள் மொரீஷியசில் இறங்கியவர்கள் நாலரை லட்சத்துக்கு மேல். பெரும்பாலோர் பீகார்ப் பக்கத்துப் போஜ்பூரி பேசும் மக்கள். அடுத்த பெருங்கூட்டம் சென்னைத் துறைமுகத்தில் ஏறிய தமிழரும் தெலுங்கரும்.

இறங்கியவர்களை இரண்டு மூன்று நாள் அங்கே தங்க வைத்து, பதிவு செய்து, எண் கொடுத்து, தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்புவார்கள். அந்தப் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு, வந்த கப்பல், போகும் தோட்டம் எல்லாம் உண்டு. அங்கே இருந்த வழிகாட்டிப் பெண்ணுக்கு எங்கள் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. அவருடைய முன்னோரும் தமிழராம். தமிழ் பேச வராது. என் வீட்டு இலையைப் பற்றி மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பெண் உடனே ஒரு தாளை எடுத்துக்கொண்டார். "அவர் பெயர் என்ன? தகப்பனார் பெயர்? எந்த வருஷம்? எந்தக் கப்பல்?"

தாது வருஷப் பஞ்சம் என்பதைத் தவிர ஒன்றுக்கும் பதில் இல்லை. அதையும் ஊர்ப் பெயரையும்தான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "பெயர் தெரிந்தால் எழுதுங்கள், தேடலாம்" என்றார். படிகளைப் பார்த்து நின்ற என் மனைவி மெல்லச் சொன்னாள்: "என்னங்க, இத்தனை வருஷம் இலை போட்டோமே, பேரைக் கேட்டு வைக்காம போனோமே."

மத்திய சந்தையில் அவள் மனது சற்று மாறியது. காய்கறி விற்ற ஒரு முதியவளிடம் முருங்கைக் கீரைக் கட்டைத் தொட்டுக் காட்டினாள். "ப்ரேத் முரும்" என்றாள் கிழவி. ப்ரேத் என்றால் அவர்களுடைய கிரியோல் மொழியில் கீரை. முரும் நம் முருங்கை. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனாள். கொத்தமல்லி 'கோத்தோமிலி'. பீர்க்கங்காய் 'பிப்பங்காய்'. கறிவேப்பிலை 'காரிப்புலே'. தெருவில் சுடச்சுட விற்கும் தேங்காய்ப் புட்டு 'புத்து'. மொழி வீட்டை விட்டுப் போன பிறகும் சமையற்கட்டு அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அங்கே சீனரும் ஆப்பிரிக்க வழி மக்களும் பிரெஞ்சு வழியினரும் கொத்தமல்லியைக் கோத்தோமிலி என்றுதான் சொல்கிறார்கள். கூலியாகப் போனவர்கள் எஜமானர் வீட்டு அடுப்பங்கரை வரை தங்கள் சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள்.

கீரைக்குக் கொடுத்த நூறு ரூபாய்த் தாளை வாங்கிப் பார்த்தேன். அதில் தமிழ் இருந்தது. படத்தில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன், சுதந்திரத்துக்கு முன்பு கல்வி அமைச்சராக இருந்தவர், 1958இல் மறைந்தார். அங்கே ரூபாய்த் தாளில் ஆங்கிலத்துக்கு அடுத்து இரண்டாவதாகத் தமிழ் வரும். 1998இல் அச்சிட்ட புதிய தாள்களில் அதை இந்திக்குக் கீழே தள்ளியபோது தமிழ் மக்கள் ஒன்றாக எழுந்து எதிர்த்தார்கள். அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றுப் பழைய வரிசையிலேயே மறுபடி அச்சிட்டது அரசு. வீட்டில் தமிழ் பேசுவோர் மிகக் குறைந்துவிட்ட ஒரு சமூகம், எழுத்துக்காக அப்படி நின்றது. தைப்பூசக் காவடி அங்கே நாட்டுக்கே பொது விடுமுறை.

மதியத்துக்கு மேல் வடக்கே பாம்ப்ளமூஸ் தாவரத் தோட்டம். லா பூர்தோனேயின் வீட்டுத் தோட்டமாக இருந்ததை 1770ஐ ஒட்டிப் பியேர் புவாவ்ர் பெரிதாக்கினார். டச்சுக்காரர்கள் கட்டிக் காத்த ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளை மொலுக்கஸ் தீவுகளிலிருந்து தருவித்து இங்கே வளர்த்தவர் அவர். பேத்தி தட்டுத் தட்டாக மிதக்கும் ராட்சத அல்லி இலைகளை விட்டு நகரவில்லை. எனக்குக் குடைப்பனையைப் பார்த்தது போதும். பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே முறை பூத்து, காய்த்து, அதோடு சாகும் மரம்.

அந்த வட்டாரத்தில் கரும்புக்கு நடுவே தனியாக நிற்கும் புகைபோக்கிகளைப் பார்த்தோம். ஆலை போய்விட்டது, புகைபோக்கி நிற்கிறது. 1858இல் தீவில் 259 சர்க்கரை ஆலைகள் ஓடின. இன்று ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். ஆலைக்கு ஆலை கரும்பு சுமக்க 1864இல் வந்த ரயிலும் நூறாண்டு ஓடி 1964இல் நின்றது.

தெற்கே திரும்பி மொக்கா வழியாக வந்தோம். மகாத்மா காந்தி கழகத்தின் பலகையைக் கண்டதும் மாப்பிள்ளை வேகத்தைக் குறைத்தார். அந்தக் குடியேற்றப் பதிவேடுகள் எல்லாம் இருப்பது அங்கேதான். 1860களிலிருந்து எடுத்த கூலிகளின் புகைப்படங்களும் உண்டு. அந்தப் புகைப்படங்கள் அன்பினால் எடுத்தவை அல்ல. 1867இல் வந்த சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்து வெளியேறிய தொழிலாளியும் புகைப்படம் ஒட்டிய சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். தன் மாவட்டத்தை விட்டு வேறு மாவட்டத்துக்குப் போகத் தனி அனுமதி வேண்டும். சீட்டு இல்லாமல் சாலையில் நடந்தால் நாடோடி என்று பிடித்துச் சிறையில் போடுவார்கள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடிப்பார்கள். நான் பணியில் இருந்த 31 ஆண்டுகளும் சாலை என்றால் எல்லோரும் நடப்பதற்கு என்றுதான் நினைத்திருக்கிறேன். கல் பொறுக்கி, கரும்பு நட்டு, அந்த நாட்டையே உண்டாக்கியவன் அதன் சாலையில் ஒரு சீட்டு இல்லாமல் கால் வைக்க முடியவில்லை. 1871இல் அடோல்ஃப் தெ ப்ளெவிட்ஸ் என்ற ஐரோப்பியர் இந்தக் கொடுமையை எழுதி, 9,401 பழைய குடியேறிகளின் கையொப்பத்தோடு ஆளுநரிடம் மனுக் கொடுத்தார். முதலாளிகள் அவர்மேல் பாய்ந்தார்கள். ஆனாலும் அரச விசாரணைக் குழு வந்தது. 1875இல் அதன் அறிக்கை அந்தக் குறைகள் உண்மை என்றது.

"உள்ள போய்க் கேட்டுப் பாக்கலாமா மாமா?" என்றார் மாப்பிள்ளை. வேண்டாம் என்றேன். கேட்பதற்கு என் கையில் ஒரு பெயர் இல்லை.

வழியில் கத்ர் போர்ன் என்ற ஊர். நான்கு எல்லைக்கல் என்று பொருள். நான்கு தோட்டங்கள் கூடிய இடத்தில் நட்ட கல்லே ஊருக்குப் பெயராயிற்று. அங்கே மலைச்சரிவில் வண்ணக் கோபுரத்தோடு முருகன் கோயில். காரிலிருந்தே கும்பிட்டுக்கொண்டோம்.

பொழுது சாயும் நேரத்தில் தென்மேற்கு முனையில் ல மோர்ன் மலையடியை அடைந்தோம். கடலோரத்தில் 556 மீட்டர் நெட்டுக்குத்தாக நிற்கும் பாறை. தப்பியோடிய அடிமைகள் உச்சியில் ஒளிந்து வாழ்ந்த இடம். விடுதலையான செய்தியைச் சொல்ல வந்த காவலர்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து, மறுபடி சங்கிலிக்குப் போவதைவிடச் சாவது மேல் என்று பாறையிலிருந்து குதித்தார்கள் என்று அந்த மக்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். 2008இல் இதுவும் உலகப் பாரம்பரியச் சின்னமானது. காலையில் பார்த்த படிகள் ஒப்பந்தக் கூலிகளுடையவை, மாலையில் பார்த்த பாறை அடிமைகளுடையது. பிப்ரவரி 1ஆம் தேதியும் நவம்பர் 2ஆம் தேதியும் அந்த நாட்டுக்குப் பொது விடுமுறை. தன் துயரங்கள் இரண்டையும் தேதி போட்டு நினைவில் வைத்திருக்கும் நாடு அது.

இருட்டியபின் காரைத் திருப்பிக் கொடுத்தபோது ஒன்றை நினைத்தேன். அந்தப் பதிவேட்டை எழுதியவர்கள் மனிதர்களை எண்ணாகப் பார்த்தவர்கள். ஓடினால் பிடிப்பதற்காகத்தான் தழும்பையும் ஊரையும் குறித்தார்கள். ஆனாலும் எழுதினார்கள். அதனால் இன்று அங்கே ஒரு பேரன் மொக்காவுக்குப் போய்த் தன் பாட்டனாரின் ஊரைக் கண்டுபிடித்துவிடுகிறான். உறவு என்று இலை போட்ட நாங்கள்தான் எழுதி வைக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக என் பெரியத்தையைப் போய்ப் பார்த்தேன். வயது 91. இரண்டு மணி நேரம் பேசினார். மோரீசுக்குப் போனவரின் பெயர் அவருக்கும் நினைவில்லை. போனவருடைய தகப்பனார் பெயரும், எந்தத் தெரு, எந்தக் குளத்தங்கரை வீடு என்பதும் தெரிந்தன. ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். தகப்பன் பெயரும் ஊரும் பதிவேட்டில் இருக்கும் என்பதால் அந்த இரண்டையும் கொண்டு தேடக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தென்னார்க்காடு, தஞ்சை, திருச்சி, செங்கல்பட்டுப் பக்கத்துக் குடும்பங்களில் "கப்பலேறிப் போனவர்" ஒருவரைப் பற்றிய பேச்சு இன்னும் இருக்கும். அதைச் சொல்லக்கூடியவர்களுக்கு எண்பது, தொண்ணூறு வயதாகிறது. இந்த வாரமே போய் உட்காருங்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர், தோராயமான வருஷம் என்று நான்கு வரி எழுதி வையுங்கள். கடலுக்கு அந்தப் பக்கம் பதிவேடு காத்திருக்கிறது.